கப்பலேறிய ஆயாமார்



ஆயா என்ற சொல்லை அறியாதவர் நம்மில் ஒருவரும் இல்லை. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறவளை ஆயா என்கிறோம். மருத்துவமனையில் பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசை செய்கிறவளையும் ஆயா என்கிறோம். தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பாட்டியையே ஆயா என்று அழைப்பதும் உண்டு. எனினும், கூலி பெற்றுக்கொண்டு பிறர் குழந்தையை வளர்ப்பவள் என்ற பொருளில் இந்தச் சொல் நமக்குக் கடல் வழியாக வந்தது என்று மொழி ஆராய்ச்சியாளர் கூறுவர். போர்ச்சுகீசியர் தங்கள் மொழியில் செவிலிக்கு வழங்கிய பெயர் அது. அவர்களோடு நம் கரையில் இறங்கி, இந்திய மொழிகள் பலவற்றில் கலந்து, பிறகு ஆங்கிலத்திலும் குடிபுகுந்தது.

சொல் கடல் கடந்து வந்தது. அந்தச் சொல்லால் அழைக்கப்பட்ட பெண்களோ கடல் கடந்து போனார்கள். ஒருமுறை போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் அல்லர் அவர்கள். பருவத்துக்குப் பருவம் போனார்கள்; திரும்பி வந்தார்கள்; மறுபடியும் கப்பலேறினார்கள். அந்தப் பெண்களைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நம் பழைய அகப்பாடல்களில் செவிலித்தாய்க்கு உள்ள பெருமையை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி தான் விரும்பியவனோடு ஊரைவிட்டுப் போய்விட்டால், பாலை வழியில் அவளைத் தேடிச் செல்கிறவள் செவிலியே. அந்த இலக்கியச் செவிலி வீட்டில் ஒருத்தி. குடும்பத்தில் உரிமை உடையவள். நான் சொல்லப் போகும் செவிலிக்கு அந்த உரிமை இல்லை. குழந்தை வளர்ந்ததும் அவள் வேலை முடிந்தது. அவள் எங்கே போவாள், எப்படிப் போவாள் என்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் சிலரே.

பருவ வேலைக்குப் போய்த் திரும்புவது மதுரைச் சீமைக்குப் புதிய வழக்கம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். பழம் பறிக்கும் காலத்தில் வேலை செய்துவிட்டு, அது முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். காப்பி நோயால் அழிந்து, அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே போனவர்கள் அங்கேயே தங்கலானார்கள். வேலையின் இயல்பு மாறினால் மனிதனுடைய போக்குவரவும் மாறிவிடுகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஆயாவின் பருவத்தை வகுத்தது வெயில். மதுரையில் 1834-ஆம் ஆண்டில் அமெரிக்கன் மிஷன் தன் பணியைத் தொடங்கியது. வெயிலும் நோயும் தாங்காமல், அந்த மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள் மலையில் இடம் தேடின. 1845-ஆம் ஆண்டில் கோடைக்கானலில் அவர்களுடைய முதல் வீடுகள் எழுந்தன. அது முதல் ஆண்டுதோறும் வேனிற்காலத்தில் சமவெளியிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் மலையேறுவது வழக்கமாயிற்று. 1875-இல் மதுரைக்கு ரயில் வந்த பிறகு, அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். இன்று கோடைக்கானல் ரோடு என்று வழங்குவது அந்த ரயில் நிலையமே. துரைசானிகள் நாற்காலியிலும் டோலியிலும் போனார்கள். சமையற்காரரும் ஆயாமாரும் உடன் சென்றார்கள். 1914-இல் வண்டிச்சாலை திறக்கப்படும் வரையில் இந்த ஏற்பாடுதான்.

சமவெளியில் பிறந்தவளுக்கு ஏழாயிரம் அடி உயரத்துக் குளிர் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்றையும் எண்ண வேண்டும். மதுரையில் சித்திரைத் திருவிழா நடப்பது அந்த வேனிலில்தான். கள்ளழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் ஊரே வைகைக் கரையில் திரண்டிருக்கும். அந்த நாட்களில் மலைமேல் பிறர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருப்பது ஆயாவின் கடமை. அவள் பெற்ற பிள்ளை பாட்டியிடமோ அத்தையிடமோ இருக்கும்.

மலைப் பயணம் சிறியது. கடற்பயணம் பெரியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பாய்க்கப்பலில் மாதக்கணக்கில் போக வேண்டியிருந்த சீமைப் பயணம், நீராவிக் கப்பலில் ஏறத்தாழ மூன்று வாரமாகச் சுருங்கியது. அதன் பிறகு வெள்ளைக்கார அதிகாரிகளின் மனைவிமார் அடிக்கடி தாயகம் போய்வரத் தொடங்கினார்கள். மதுரையிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. சென்னை அல்லது பம்பாய் சென்று கப்பல் ஏறலாம். இல்லையேல் தூத்துக்குடிக்கு ரயிலில் சென்று, அங்கிருந்து கொழும்பு போய்ப் பெரிய கப்பலைப் பிடிக்கலாம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது.

கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் கப்பலில் போவது எளிதன்று. தாய்க்குக் கடல் மயக்கம் வந்து படுத்துவிட்டால் குழந்தைகளின் கதி என்ன? ஆகவே பயணத்துக்கென்றே ஓர் ஆயாவை அமர்த்திக்கொண்டார்கள். சென்னை மாகாணத்து ஆயாமாருக்கு இதில் நல்ல பெயர் இருந்தது. ஆங்கிலம் பேசுவார்கள், குழந்தைக்கு நோய் வந்தால் பதற மாட்டார்கள், கப்பல் ஆட்டத்துக்கு அஞ்ச மாட்டார்கள். வேலை முடிந்ததும் துரைசானி ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுப்பாள். ஆயா அந்தக் கடிதங்களைப் பத்திரமாகக் கட்டி வைத்திருப்பாள். இன்று நீங்கள் பட்டச் சான்றிதழை எப்படிப் போற்றுவீர்களோ, அப்படி அவள் அவற்றைப் போற்றினாள்.

இந்தப் பயணத்துக்கும் ஒரு பருவம் உண்டு. பங்குனி, சித்திரையில் வெயில் ஏறத் தொடங்கியதும் குடும்பங்கள் சீமைக்குப் புறப்படும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே குளிர் ஏறும்போது இந்தியாவுக்குத் திரும்பும். ஆயா ஒரு குடும்பத்தோடு போவாள். பல சமயங்களில் வேறொரு குடும்பத்தோடு வருவாள். போகும்போது தூக்கிச் சென்ற குழந்தையை அங்கேயே விட்டுவிட நேரும். வெள்ளைக்காரக் குடும்பங்கள் தம் பிள்ளைகளை ஏழெட்டு வயதில் சீமைப் பள்ளிகளில் சேர்த்துவிடுவது அக்காலத்து வழக்கம். பிறந்த நாள் முதல் தன் இடுப்பில் வளர்ந்த குழந்தையை லண்டனில் ஒப்படைத்துவிட்டு, முன்பின் அறியாத இன்னொரு குழந்தையை ஏந்திக்கொண்டு அவள் கப்பல் ஏறுவாள்.

இடைப்பட்ட மாதங்களில் அவள் எங்கே இருந்தாள்? இதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான கேள்வி. கப்பல் கரை சேர்ந்ததும் பலருக்கு வேலை முடிந்துவிட்டது. குடும்பம் தன் ஊருக்குப் போய்விடும். ஆயா லண்டன் மாநகரில் தனியாக நிற்பாள். தெரிந்த முகம் இல்லை. தன் மொழியைப் பேசுவார் இல்லை. உடலைத் துளைக்கும் குளிர் வேறு.

அப்படி நின்றவர்களுக்காக லண்டனில் ஆயாக்கள் இல்லம் என்று ஒன்று இருந்தது. முதலில் கிழக்கு லண்டனில் ஆல்ட்கேட் பகுதியில் நடந்து வந்த அது, 1900-ஆம் ஆண்டில் லண்டன் நகர மிஷன் என்ற கிறிஸ்தவச் சங்கத்தின் பொறுப்புக்கு வந்து, ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட் சாலையில் 26-ஆம் எண் வீட்டுக்கு மாறியது. 1921-இல் அதே சாலையில் 4-ஆம் எண்ணுள்ள வீட்டுக்குச் சென்றது. ஏறத்தாழ முப்பது அறைகள். ஆண்டுக்கு நூறு பெண்கள் அளவில் வந்து தங்கினார்கள். நம் நாட்டு ஆயாமார் மட்டும் அல்லர். சீனத்திலிருந்தும் மலாய் நாட்டிலிருந்தும் சென்ற செவிலியரும் அங்கே இருந்தார்கள்.

அந்த இல்லம் எந்தப் பணத்தில் நடந்தது என்பதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஆயாவை அழைத்துச் சென்ற குடும்பம், நாணயமுள்ள குடும்பமாக இருந்தால், அவளுடைய திரும்பும் பயணச்சீட்டை இல்லத்தில் ஒப்படைக்கும். இல்லத்தார் அவளுக்கு உணவும் படுக்கையும் தருவார்கள். பிறகு இந்தியாவுக்குப் புறப்படுகிற வேறொரு குடும்பம், ஆயா வேண்டும் என்று இல்லத்துக்கு வரும். அந்தக் குடும்பம் அவளுடைய கப்பற்கூலியைக் கொடுத்து அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளும். அந்தப் பணத்தைக்கொண்டு அவள் தங்கியிருந்த நாட்களின் செலவை இல்லத்தார் ஈடுகட்டினார்கள். இல்லம் ஒரே சமயத்தில் விடுதியாகவும் இருந்தது; வேலை தேடித் தரும் இடமாகவும் இருந்தது.

சீட்டு இருந்தவளுக்கு இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். சீட்டு இல்லாதவளுக்கு? இந்தியாவில் புறப்படும்போது, உன்னைத் திருப்பி அனுப்புகிறோம் என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு, லண்டனில் கைவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். 1908-இல் நடந்த ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. பம்பாயிலிருந்து ஒரு குடும்பத்தோடு போன ஆயா ஒருத்தி, அங்கே இன்னொரு குடும்பத்திடம் மாற்றிவிடப்பட்டாள். அவர்கள் அவளை ஸ்காத்லாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். சில வாரங்களில் வேலை முடிந்தது. லண்டனில் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் ஒரு பவுன் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு அவளை விட்டுச் சென்றார்கள். கடல் கடந்த தேசத்திலிருந்து வீடு திரும்ப ஒரு பவுன்! இங்கிலாந்தில் ஆதரவின்றி நின்ற இந்தியர் முதலியோரின் நிலையை ஆராய்ந்த அரசாங்கக் குழு ஒன்று 1910-இல் அறிக்கை வெளியிட்டது. ஆயாமாரின் கதையும் அந்தக் குழுவின் முன் வந்தது.

முதல் உலகப் போரின்போது கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சம் மிகுந்தது. பெண்கள் பயணம் செய்வதற்குத் தடைகள் வந்தன. கையில் சீட்டு இருந்தவர்களும் ஊர் திரும்ப முடியாமல் லண்டனில் காத்துக் கிடந்தார்கள்.

இவ்வளவு துன்பம் இருந்தும் ஏன் மீண்டும் போனார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பஞ்சமும் கடனும் துரத்தின என்பது ஒரு விடை. உள்ளூரில் கிடைக்காத கூலி கிடைத்தது என்பது மற்றொன்று. ஆனால் அவ்வளவோடு விடை முடிந்துவிடவில்லை. முதல் பயணத்தில் ஒருத்தி அறியாதவளாகப் போகிறாள். இரண்டாம் பயணத்தில் அவளுக்குக் கப்பல் தெரியும், துறைமுகம் தெரியும், கடல் மயக்கத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், எந்தக் குடும்பம் சொன்ன சொல் தவறாது என்று விசாரிக்கவும் தெரியும். மூன்றாம் பயணத்தில் அவள் கூலி பேசத் தொடங்குகிறாள். போய்வரப் போய்வர அவளுடைய வேலை ஒரு தொழிலாயிற்று.

அந்தோணி பெரீரா என்ற பெயரால் அறியப்பட்ட ஓர் ஆயாவைப் பற்றி 1922-இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை எழுதியது. அந்த அம்மையார் 54 முறை கடற்பயணம் செய்தவர் என்று அதில் கூறப்பட்டது. பயணம் ஒன்றுக்கு மூன்று வாரம் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 162 வாரங்கள்; அதாவது மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் கடலின் மீதே வாழ்ந்திருக்கிறார். கப்பல் மாலுமிக்கு நிகரான அனுபவம் இது. மாலுமிகளின் பெயர்கள் ஏடுகளில் எழுதப்பட்டன. ஆயாமாருடைய பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. பயணிகளின் பட்டியல்களைப் பார்த்தால், இன்ன துரைசானி, இரண்டு குழந்தைகள், ஓர் ஆயா என்று இருக்கும். சில இடங்களில் எசமானரின் குடும்பப் பெயரையே அவளுக்கும் சூட்டிவிட்டார்கள். ஆகவே, எந்த ஊர்ப் பெண் எத்தனை முறை போனாள் என்று தேடுகிறவர்கள் இன்று இடர்ப்படுகிறார்கள்.

1947-இல் இந்தியா விடுதலை பெற்றதும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் போய்விட்டன. ஆயாமாரின் பருவப் பயணமும் அதோடு ஓய்ந்தது. நெடுங்காலம் அவர்களை ஒருவரும் நினைக்கவில்லை. ரோசினா விஸ்ராம் என்ற வரலாற்றாசிரியர் 1986-இல் வெளியிட்ட நூலில் அவர்களுடைய கதையை விரிவாக எழுதினார். ஹாக்னியில் 26-ஆம் எண் வீட்டின் சுவரில் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீலநிற நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் வாழ்ந்த பர்ஹானா மமூஜி என்ற இளம்பெண் எடுத்துக்கொண்ட முயற்சியின் பயன் அது.

நண்பர்களே, இது முடிந்துபோன கதையா? இல்லை. பிறர் வீட்டில் தங்கிப் பிறர் குழந்தையைக் காக்கும் வேலை உலகமெங்கும் நடந்துகொண்டே இருக்கிறது. ஐரோப்பாவில் 'ஓ பேர்' என்று ஒரு முறை உண்டு. பிரெஞ்சுச் சொல் அது. சமமான நிலையில் என்பது பொருள். அயல்நாட்டு இளம்பெண் ஒருத்தி ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அந்நாட்டு மொழியைக் கற்றுக்கொள்வாள். 1969-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்தார்கள். வயது 17-க்குக் குறையாமலும் 30-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். மொழி வகுப்புக்குப் போக நேரம் விட வேண்டும். நிபந்தனைகளை எழுத்தில் பொறிக்க வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஏற்ற இடங்களிலும் ஏட்டில் உள்ளது வீட்டுக்குள் நடக்கிறதா என்று பார்ப்பது கடினம். ஆயினும் நம் ஆயாவுக்கு இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. வேலைக்கு எல்லை கட்டப்பட்டிருக்கிறது.

2011-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் உலகத் தொழில் நிறுவனம் வீட்டுப் பணியாளருக்கென 189-ஆம் எண்ணுள்ள உடன்படிக்கையை நிறைவேற்றியது. வேறு நாட்டுக்குப் போகிறவர், எல்லையைக் கடப்பதற்கு முன்பே எழுத்து மூலமான ஒப்பந்தம் பெற வேண்டும். பயணச் சான்றுகள் அவர் கையிலேயே இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் ஊர் திரும்பும் உரிமை எந்த நிபந்தனைகளின்படி கிடைக்கும் என்பதை வகுத்துரைக்க வேண்டும். இவை அதன் விதிகளுள் சில. 1908-இல் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நின்ற பெண்ணுக்கு எவை இல்லாமற் போயினவோ, அவையே ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு சட்ட வாசகமாக வந்திருக்கின்றன.

இன்று தமிழ்நாட்டுப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்து வந்து, சில மாதம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, மீண்டும் விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. சிங்கப்பூரில் அயல்நாட்டுப் பணிப்பெண்ணை அமர்த்துகிறவர் பொதுவாக 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்க வேண்டும். அவளைத் திருப்பி அனுப்பும் செலவும் அவரைச் சேர்ந்தது. நம் நாட்டிலும் 1983-இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு பெற்ற முகவர்களே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம் என்று அது விதித்தது. இவற்றை அறியாமல், தெருவில் வந்து ஆசை காட்டுகிறவன் பேச்சை நம்பிப் போகிறவர்களே பெரிதும் துன்பப்படுகிறார்கள்.

நீங்கள் படித்தவர்கள். உங்கள் தெருவிலோ கிராமத்திலோ ஒரு பெண் அவ்வாறு புறப்படுவாளானால், அவளுக்காகச் சில கேள்விகளைக் கேட்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? அது அவளுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டதா? முகவர் பதிவு பெற்றவரா? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? திரும்பும் செலவு யாருடையது? இரண்டாம் முறை போகிறவளிடமும் இவற்றைக் கேட்க வேண்டும். முன்பு போய்வந்தது அவளுக்குத் துணிவைத் தந்திருக்கும். புதிய வீட்டார் பழைய வீட்டாரைப் போல இருப்பார்கள் என்பதற்கு அது உறுதி ஆகாது.

வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. மதுரையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கும் தமுக்கம் அரண்மனை ஒரு காலத்தில் கலெக்டர்கள் வாழ்ந்த வீடு. 1892-இல் தொடங்கிய மதுரை ஆலையை நடத்தியவர்களும் வெள்ளைக்காரர்களே. பசுமலையிலும் திருமங்கலத்திலும் மிஷன் குடும்பங்கள் இருந்தன. இந்த வீடுகளில் குழந்தை வளர்த்த பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கக்கூடும். பெட்டியின் அடியில் மஞ்சளித்த நற்சான்றுக் கடிதம் ஒன்று கிடக்கலாம். பாட்டி சீமைக்குப் போய்வந்தாள் என்ற பேச்சு ஒரு குடும்பத்தில் வழங்கலாம். முதியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை ஊரோடும் பெயரோடும் எழுதி வையுங்கள். கப்பற் பட்டியலில் 'ஓர் ஆயா' என்று மட்டும் நின்றவர்களுள் ஒருத்தியின் பெயரையாவது நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னால், அது நம் வரலாற்றுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.